அனுப்பிரியாவின் நீல நாற்காலி

மூலையில் கிடக்கும் அந்த நீல நாற்காலியை அனுப்பிரியா தூக்கினால் போதும், எங்கள் முதியோர் இல்லத்தில் டிவி சத்தம் தவிர மற்றதெல்லாம் அடங்கிவிடும். அவள் யார் கட்டிலருகே போட்டு உட்காருகிறாளோ, அவருக்குப் பால் ஊற்ற ஆள் தேட வேண்டியதுதான். எனக்குச் சர்க்கரை வியாதி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஒற்றைக் காலாவது என்னோடு கட்டையில் வேக வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

நான் கன்னையா. ரவாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவன். யாருக்கும் பயந்தவனில்லை, என் மகளைத் தவிர.

அனு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுப் பெண். மருத்துவ உதவியாளர் படிப்புக்குப் போக ஆசை. காயம் கட்டி, ஊசி போட்டு, டாக்டருக்குப் பக்கபலமாக நிற்கிற வேலை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் டிரஸ்ஸர் என்போமே, அதுதான். போன வருஷம் ஷா ஆலத்தில் ஒரு கல்லூரி நேர்முகத்தில், நோயாளி யாரையாவது தொட்டுப் பார்த்துக்கொண்டது உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்றிருக்கிறாள். அந்த அனுபவத்தோடு வா என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காகத்தான் தினமும் ரயிலேறி கிள்ளானுக்கு வந்து எங்கள் மூத்திரத் துணியை மாற்றினாள்.

முதல் வாரம் ஒரு படுக்கைப்புண்ணைக் கழுவிவிட்டு, வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் கையுறை மாட்டினாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார மற்ற வேலைக்காரர்களுக்குப் பயம். இவள் கற்றுக்கொள்ள வந்தவள் என்பதால் தாதி சீதாலெட்சுமி இவளைத்தான் அனுப்புவார். அதை எங்கள் ஆட்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள்.

"அவ கைராசி சரியில்ல. அவ உக்காந்தா ஆள் காலி," என்று கிளப்பிவிட்டவர் எதிர்க் கட்டில் ராதாகிருஷ்ணன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர்.

"வயசுக்கு ஏத்த மாதிரி பேசுங்க லா," என்று நான் அவரை ஏசினேன்.

யார் கேட்டார்கள்? அதன்பிறகு அவள் வந்தால் எவருக்கும் எந்த நோவும் கிடையாது. மூச்சு வாங்குகிறவர்கூட மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். நெஞ்சு வலியோடு இருந்த தங்கமணி அக்கா, "எனக்கென்னம்மா, ஜம்முனு இருக்கேன்," என்று அவளிடம் சிரித்தார். மறுநாளே போய்ச் சேர்ந்தார். அவர் பக்கத்தில் நாற்காலி போகவே இல்லை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். ராதாகிருஷ்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "வாசல்ல நின்னு பார்த்தாலே போதும் போலருக்கு."

போன வாரம் என் கால் கட்டைவிரல் நுனி கறுத்தது. வலி இல்லை. வலது காலும் இப்படித்தான் வலிக்காமல் போனது. உடனே சாக்ஸ் மாட்டிக்கொண்டேன். ஊரையே ஏசிய வாய், நாற்காலி என்றதும் மூடிக்கொண்டது.

"என்ன அங்கிள், இந்த வெயில்ல சாக்ஸ்?" என்று அனு கேட்டாள்.

"ஸ்டைல் லா," என்றேன். நம்பிச் சிரித்தாள். குளிக்க வைக்க வந்தவளையும், நானே கழுவிக்கிறேன் என்று விரட்டினேன்.

இன்று காலை தோளில் பையோடு வந்தாள். நாளைக்கு மறுபடியும் நேர்முகம். அதோடு இங்கே வேலை முடிகிறது.

"இந்தத் தடவ கேட்டாங்கன்னா என்ன சொல்லுவ?"

"நெறைய பேர பாத்துக்கிட்டேன்னு சொல்லுவேன் அங்கிள்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "கடைசியில யாருமே என்கிட்ட ஒன்னும் காட்டலன்னும் சொல்லணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. வரேன் அங்கிள் என்று திரும்பினாள். அவள் வாசலைத் தாண்டிவிட்டால் இந்தச் சாக்ஸைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

"அனு," என்று கூப்பிட்டேன். நானே கழற்றினேன். விரல் மட்டுமில்லை, பாதம் பாதி கறுத்திருந்தது. நாற்றம் எனக்கே குமட்டியது. அவள் முகம் சுளிக்கவில்லை. குனிந்து, சுற்றிலும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"ஒரு வாரம். வெட்டிருவாங்களாம்மா?"

"தெரியல அங்கிள்," என்றாள். "மொத நாளே காட்டியிருந்தா, மாட்டாங்கன்னு சொல்லியிருப்பேன்."

சீதாலெட்சுமி ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அனு பையை இறக்கி வைத்துவிட்டு மூலைக்குப் போனாள். நீல நாற்காலியைத் தூக்கினாள். டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. என் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்தான், அங்கிள்."

ராதாகிருஷ்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வண்டி இன்னும் வரவில்லை.