பக்கவாட்டில் பதினாறு டன்

உஷாராணி அக்காவுக்கு வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். ஓடும் பஸ்ஸில் உரசியவனின் மூக்கை டிபன் பாக்ஸால் உடைத்தவர். திருநெல்வேலிக்காரர். இருபது வருடமாக டெல்லியில் ஜூனியர் இன்ஜினியர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எனக்கு எதிர்வீடு.

போன திங்கட்கிழமை இடது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றார். இந்தி சரளமாகப் பேசுவார், எழுத வராது. விசாரணைக்கு வாக்குமூலம் எழுதித் தர வேண்டுமாம்.

"மூணு கூலியாட்களை அடிச்சேன்னு எழுதுப்பா."

பேனா மூடியைக் கழற்றினேன். "அப்புறப்படுத்தினேன்னு போடலாமே அக்கா? வேலை போயிடும்."

"மண்டைய உடைச்சிருக்கேன். அப்புறப்படுத்தினேனாம்! அடிச்சேன்னே எழுது."

எழுதினேன்.

வறண்ட நாலா ஓடையின் மேல் பழைய செங்கல் வளைவுப் பாலம். வளைவின் அகலம் கரைக்குக் கரை பதினாறு மீட்டர், உயரம் நாலு. பழுதுபார்ப்புக்கு அக்காதான் கணக்குப் போட்டிருந்தார். வளைவின் ஒவ்வொரு காலும் தரையைப் பதினாறு டன் கீழே அழுத்துகிறது; அதே பதினாறு டன் வெளிப்பக்கமாகவும் உதைக்கிறது. அந்த உதையைத் தாங்குவது காலுக்குப் பின்னால் இருக்கும் கரைமண். குழாய் பதிக்க அந்த மண்ணைத்தான் காண்ட்ராக்டர் அபிஷேக் ஜேசிபியால் தோண்டி எடுத்துவிட்டான்.

அக்கா போனபோது நடுப்பகல். வளைவின் உச்சியில் விரல் நுழையும் விரிசல். அடியில், நிழலில், நாலு பேர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

அபிஷேக் சிரித்தான். "மேடம்ஜி, பாரம் கீழேதானே போகும்? பின்னாடி இருக்கிற மண்ணு என்ன பண்ணும்?"

"பாகோ! பாகோ! ஓடுங்க!" என்று அக்கா இறங்கி ஓடினார். அவர்களும் சிரித்தார்கள்.

கிடந்த மண்வெட்டியின் காம்பை எடுத்தார். முதல் ஆளுக்குத் தோளில். அடுத்தவனுக்கு முதுகில். மூன்றாமவன் எழுந்து பிடிக்க வந்தான், மண்டை பிளந்தது. மூவரும் வெறியோடு துரத்த, அக்கா கரைமேல் ஓடினார். அங்கே கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் செங்கல்லால் அடித்ததில் கை முறிந்தது. இன்னொருவன் கொண்டையைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான்.

அப்போது வளைவின் கிழக்குக் கால் வெளியே வழுக்கியது. உச்சி பிளந்து மொத்தப் பாலமும் உட்கார்ந்தது. தூசி அடங்கியபோது நாலாவது ஆளின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அடிபட்ட மூவரும் அபிஷேக் சொல்லி இப்போது புகார் கொடுத்திருக்கிறார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"இன்னொண்ணு சேரு. நாலாவது ஆளை நான் அடிக்கல. நரைச்ச தலை. பாபாஜி, வெளிய வாங்கன்னு கும்பிட்டேன். இன்னும் ஒரு ரொட்டிதான் பாக்கி, மகளேன்னார்."

"அதெதுக்கு அக்கா? அடிக்காதது குத்தமா?"

"எழுதுலே."

நான் எழுதி முடிக்கும்வரை என் பேனா மூடியை அக்கா முஷ்டிக்குள் இறுக்கி வைத்திருந்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.