மேல்பிடியும் பின்பிடியும் என் கணவரின் இடது கையும்

என் கணவர் மரம் வெட்டுகிறவர். ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஃப்ளாட் வாங்கி வந்தவர்களுக்கு மரம் என்றால் உயிர். கிளை ஜன்னலைத் தொடாத வரைக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் எல்லாருக்கும் ஒன்றாகப் பயம் பிடித்துக்கொள்ளும். காற்றடித்தால் கரண்டு கம்பிமேல் விழுமே, கார்மேல் விழுமே என்று இவருக்கு போன் வரும். இடுப்பில் அரிவாளும் தோளில் கயிறுமாக இவர் ஏறுவார். வெட்டின கிளையைக் கயிற்றில் கட்டி இறக்க, கீழே என் தம்பி நிற்பான். பதினைந்து வருடமாக இவர் பிழைப்பு இதுதான்.

அரிவாள் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. இடது கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு வலது கையால் வெட்டவேண்டும். இவர் அதில் கெட்டிக்காரர். ஆனால் இப்போதெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் குப்பை அள்ளிக் கேட்டைச் சாத்தியாக வேண்டும். வாடகைக்கு எடுத்த செயின்சாவோ, அந்த மோட்டார் ரம்பம், பாதிக் கிளையில் நின்றுபோய் மானத்தை வாங்கும். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று போன வருடம் முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வானகரம் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. அதற்குப் பின்னால் ஒரு பிடி, முன்னால் வளைவாக ஒரு பிடி, நடுவில் என்ஜின். விசை பின்பிடியில் இருந்தது. இரண்டு கையும் போட்டால்தான் அது நேராக நிற்கும். இன்னொன்று சின்னது. அதில் பிடி என்ஜின் தலைமேலேயே இருந்தது, இஸ்திரிப் பெட்டிக்கு இருப்பதுபோல. அதற்கும் முன்னால் இரண்டாவது பிடி உண்டு. ஆனால் அது ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றாது.

இவர் சின்னதை வலது கையால் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒத்தக் கைக்கே வருதே!"

"மேல ஏர்றவங்க எல்லாம் இத்ததான் அண்ணாத்தே வாங்கினு போறாங்க" என்றார் கடைக்காரர்.

"அப்ப இன்னொரு கை இன்னா பண்ணும்?" என்று நான் கேட்டேன்.

"மரத்த புச்சிகினு இருக்கும். வேற இன்னா?" என்றார் இவர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தச் சின்னது எனக்கு அங்கேயே பிடிக்காமல் போய்விட்டது. காரணம் சொல்கிறேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டிக் கொடுக்கும். அதற்கு இரண்டு பட்டன்கள், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். அப்போது இரண்டு கையும் பட்டன்மேல் பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு எவனோ புத்திசாலி செய்தது. அவனைவிடப் புத்திசாலிகள் நாங்கள். ஒரு பட்டனில் அட்டையை மடித்துச் செருகி டேப் ஒட்டிவிடுவோம். ஒரு கை அமுக்கும்போதே இன்னொரு கை அடுத்த தகட்டை எடுத்து வைக்கும். வேலை வேகமாக நடக்கும், சூப்பர்வைசரும் வாயைத் திறக்கமாட்டார். நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன். பக்கத்து மிஷினில் இருந்தவளுக்கு பட்டனை விட்டுச் சும்மாத் திரிந்த கையில் இரண்டு விரல் போன நாள்வரை செய்தேன். அன்று நான் பார்த்ததை எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு எந்த மிஷின் பக்கத்திலும் வேலையில்லாமல் ஒரு கை இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"பெருச எடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"மரத்து மேல நீயா ஏறப் போற?" என்று இவர் எகிறினார்.

"கையில்லாம நீ ஊட்டுக்கு வந்தா சோறு ஊட்டப் போறவ நான்தானே!"

கடைக்காரர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மேலே டியூப்லைட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெரியதோடுதான் வீடு திரும்பினோம். எலெக்‌ஷனில் ஜெயித்தவள்போல வண்டியின் பின்னால் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் இரண்டு நாள் பேசவில்லை. கை தப்பித்தது, பேச்சு போனால் போகட்டும் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு ஃப்ளாட்டில் தூங்குமூஞ்சி மரத்தைக் கழிக்கும் வேலை. எனக்கு லீவுதானே என்று மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு நானே போனேன். போயிருக்கவே கூடாது என்று முதலில் நினைத்தேன். போனதுதான் நல்லது என்று பிறகு தெரிந்தது.

இவர் இரண்டாவது மாடி உயரத்தில் இருந்தார். காலிரண்டும் கிளையைப் பின்னியிருந்தன. இடது கை நடுமரத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. வலது கையில், ஒரே கையில், அந்தப் பெரிய மிஷின். பின்பிடியைப் பிடித்து முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்திருந்தார். முன்னால் ஒரு முழ நீளத்துக்குப் பிளேடு கனம் தாங்காமல் ஆடியது. வளைந்த முன்பிடியில் யாருடைய கையும் இல்லை. நான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த பிடி அது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளேடின் நுனி இன்னொரு கிளையில் பட்டது. மிஷின் துள்ளி இவர் தோள்பட்டையை நோக்கி எகிறியது.

"மாமே!" என்று என் தம்பி அலறினான்.

இவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். அது காதோரமாகப் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.  பக்கத்தில் நின்ற கார்மேல் சாய்ந்து அப்படியே உட்காரப் போனேன். அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் பால்கனியிலிருந்து, "அம்மா, காரைத் தொடாதீங்க, ஸ்க்ராட்ச் ஆயிடும்" என்றார். அவருக்கு அவர் கவலை.

வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்தேன். "திமிரு! எல்லாம் திமிரு! கீழ நாலு பேரு பாக்குறான்னு ஒத்தக் கையில சர்க்கஸ் காட்டற!"

"சின்னத வாங்க வுட்டிருந்தா இப்புடி எகிறியிருக்குமா?" என்றார் இவர். மிஷின் கனத்ததால்தான் கையில் நிற்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. சின்னது மட்டும் எகிறாதா என்று பதிலுக்குக் கேட்டேனே தவிர, குரலில் பழைய கெத்து இல்லை. இவர் தோளில் அந்தப் பெரியதைத் தூக்கி வைத்தவளே நான்தான். பெரியதும் ஆகாது, சின்னதும் ஆகாது என்றால் எதைத்தான் வாங்குவது? மூன்று நாள் பிரஸ் முன்னால் நின்றபோதெல்லாம் எனக்கு இவருடைய காதோரம்தான் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷேர் ஆட்டோ நெரிசலில் நின்றுவிட்டது. ரோட்டோரம் கரண்டு கம்பத்தின்மேல் ஒரு லைன்மேன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதிசயமாக பெல்ட் போட்டிருந்தார். இடுப்பிலிருந்து ஒரு பட்டை கம்பத்தைச் சுற்றிப் போய்த் திரும்ப இடுப்புக்கே வந்திருந்தது. மனிதர் அதில் பின்னால் சாய்ந்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி, இரண்டு கையாலும் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். கம்பத்தை அவர் பிடித்துக்கொள்ளவே இல்லை.

ஆட்டோ நகர்ந்த பிறகும் நான் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய இடது கை சும்மா இருந்த கை இல்லை. அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது, இவரைக் கீழே விழாமல் தாங்குகிற வேலை. அந்த வேலையை வேறு ஒன்றுக்குக் கொடுக்காமல், மேல்பிடி வாங்கினால் என்ன, பின்பிடி வாங்கினால் என்ன? இத்தனை நாள் நான் மிஷினோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், மரத்தைப் பார்க்கவே இல்லை.

எஸ்டேட்டில் ஹெல்மெட்டும் கையுறையும் விற்கிற கடையில் அன்று சாயங்காலமே அந்த மாதிரி பெல்ட் ஒன்று எடுத்துவிட்டேன். இவர் அதைத் தொடக்கூட இல்லை.

"நான் இன்னா கரண்டு ஆபீஸ்காரனா? இத்த மாட்டிகினு ஏறுனா கூட வேலை செய்றவன் சிரிப்பான்."

"நான் சிரிக்க மாட்டேன் மாமே" என்றான் என் தம்பி. கூட வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பெல்ட் போட்டால் சின்ன மிஷின். போடாவிட்டால் பழையபடி அரிவாள். மறுபடி வானகரம் கடைக்குப் போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டியூப்லைட்டைத் தேடினார். "மேல்பிடியே குடுங்க" என்றேன். "ஆனா முன்னாடி இருக்குற புடிய இவருக்கு நல்லா காட்டிக் குடுங்க." பெரியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தரையில் விழுந்த கிளையைத் துண்டுபோட அதைவிட நல்லது கிடையாது. கால் ஊன்றி நின்றால் இரண்டு கையும் தானாகப் பிடிக்கும். அது என் தம்பிக்கு ஆயிற்று.

புதிய மிஷினோடு முதல் வேலை வேப்பம்பட்டில் வந்தது. ஒரு வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருந்த வாகை மரம். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போய்விட்டேன். இவர் ஏறி, பெல்ட்டின் பட்டையை மரத்தைச் சுற்றிப் போட்டு மாட்டினார். தம்பி மிஷினைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். இவர் அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இடது கை மரத்தைக் கட்டினபடியே இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா, போட்டோவுக்கா நிக்கற?" என்று கத்தினேன்.

 நான் மரத்தடிக்கே போய் அண்ணாந்து பார்த்தேன். இவர் முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"வுட முடியலமே."

"எத்த?"

"கைய. வுட்டா வுழுந்துருவேன்னு கீது. எப்பவுமே அப்புடித்தான் கீது."

பதினைந்து வருடம். ஒவ்வொரு மரத்திலும் இந்த மனிதர் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். நான் திமிர் என்று திட்டினதெல்லாம் பயம். ஒரே வீட்டில், ஒரே தட்டில் தின்றுகொண்டு எனக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, இதைச் சொல்கிறேனே என்று யாரும் தப்பாக நினைக்கவேண்டாம், அப்பாடா என்றும் இருந்தது. திமிருக்கு என்னிடம் மருந்து இல்லை. பயத்துக்கு இருந்தது, அது அவர் இடுப்பிலேயே மாட்டியிருந்தது.

"பெல்ட்டு புச்சிகினு கீது. நானும் இங்கதான் கீறேன். மெதுவா வுடு" என்றேன்.

முதலில் விரல்கள் விட்டன. பிறகு உள்ளங்கை. இவர் துளித்துளியாகப் பின்னால் சாய்ந்தார். பட்டை இறுகியது, ஒருமுறை கிறீச்சென்றது, தாங்கிக்கொண்டது. இரண்டு கையையும் காற்றில் நீட்டி, யாருடைய கைகளோ என்பதுபோல அவற்றையே பார்த்தார். அப்புறம் மிஷினை இழுத்து ஸ்டார்ட் செய்து, வலது கையை மேல்பிடியிலும் இடது கையை முன்பிடியிலும் வைத்து அறுக்க ஆரம்பித்தார். மிஷின் ஆடவில்லை. கூரைமேல் சாய்ந்த கிளை சொன்ன இடத்தில் முறிந்து தம்பியின் கயிற்றில் இறங்கியது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மர நிழலில் நின்று நான் அழுததை வீட்டுக்காரர் பார்த்தார், மரத்தூள் கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மத்தியானம் வேலை முடிந்து இவர் இறங்கினார். கை கழுவிவிட்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றச் சொன்னார். இடுப்பில் அந்த பெல்ட் அப்படியே இருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அதைக் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.