நெருப்புக்குக் காவல்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் வாங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில், முன்பு இருந்தவர்கள் ஒரு விறகு ஸ்டவ்வை விட்டுப் போயிருந்தார்கள். சமைக்கிற ஸ்டவ் அல்ல. வீட்டைச் சூடாக்கும் கனத்த இரும்புப் பெட்டி. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அதன் கீழே காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பிடி. வெகுகாலம் அதன்மேல் சூட்கேஸ்கள்தான் கிடந்தன. எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில் பனிப்புயலில் கரண்ட் போனது. அப்பா சூட்கேஸ்களை இறக்கிவிட்டு ஸ்டவ்வை மூட்டினார். கரண்ட் திரும்பிய பிறகும் அணைக்கவில்லை.

"ஹீட்டர் காத்துல மூக்கெல்லாம் காஞ்சு போகுது. இதுதான் நல்ல சூடு" என்றார். அம்மா மாடிக்குப் போய்விட்டாள். நாள் முழுக்க லேபில் நின்றுவிட்டு வருகிறவளுக்குப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

அன்று முதல் அப்பா கீழே சோபாவில் படுத்துக்கொண்டார். நடுநடுவே எழுந்து கட்டை போடாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும் என்றார். காலையில் கண்கள் சிவந்து, ஸ்வெட்டரெல்லாம் புகை நாற்றத்தோடு நியூயார்க் பஸ்ஸைப் பிடிக்கப் போவார். எங்களுக்காகத்தானே இந்தப் பாடு என்று எனக்குப் பாவமாக இருக்கும். ஸ்கூல் விட்டு வந்ததும் பேக்யார்டிலிருந்து கட்டைகளை நானே சுமந்து வந்து அடுக்குவேன். அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் களைக்காதவர் யாருமில்லை.

பிப்ரவரியில் ஒரு தோழி வீட்டில் ஸ்லீப்ஓவர். அங்கேயும் அதேபோல ஒரு ஸ்டவ். படுக்கப் போகுமுன் தோழியின் அம்மா தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, பின்னால் பருமனான ஓக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கினார். சற்று நேரம் நன்றாக எரியவிட்டு, பிடியைச் சிறிது சிறிதாகத் தள்ளிக் காற்றைக் குறைத்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே செக்கச்செவேலென்று தணல்!

அன்று சாயங்காலமே அப்பா, அம்மா இருவரையும் கீழே கூப்பிட்டு, அதேபோல் செய்து காட்டினேன்.

"மெல்லிசுக் கட்டையா போடறதாலதான்பா சீக்கிரம் எரிஞ்சுடுது. இப்படி வெச்சா காலை வரைக்கும் தாங்கும். இனிமே நீங்க மேலயே தூங்கலாம்."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரெக்டாதான் பண்ணியிருக்கா" என்றாள் கடைசியில். என்னிடம் அல்ல, அப்பாவிடம்.

அப்பா என் தலையைத் தடவிவிட்டு, அன்று மாடியில் வந்து படுத்தார். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தணல் இருந்தது, வீடும் கதகதப்பாக இருந்தது. காபி குடித்துக்கொண்டிருந்த இருவரும் மட்டும் முன்னைவிடக் களைத்துத் தெரிந்தார்கள்.

மறுநாளே அப்பா சோபாவுக்குத் திரும்பிவிட்டார். "காத்தைக் குறைச்சா புகைபோக்கியில தார் மாதிரி கரி படியும்மா. டேஞ்சர். ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்."

தோழியின் அம்மாவிடம் கேட்டேன். ஈரக் கட்டையைப் புகையவிட்டால்தான் அப்படி, நன்றாகக் காய்ந்த கட்டை என்றால் அவ்வளவு பயமில்லை என்றார். அதன்பின் தினமும் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருவதை மட்டும் பொறுக்கி வைத்தேன். விரலெல்லாம் சிராய் ஏறியது. "தேங்க்ஸ்டா" என்பார் அப்பா. காய்ந்த கட்டைகள் காலை வரை எரிந்தன. அவரும் காலை வரை அங்கேயே இருந்தார்.

ஏப்ரல் கடைசியில் ஸ்டவ்வைத் துடைத்து மூடினோம். ஜன்னல்களைத் திறந்துவைக்கும் அளவுக்கு வெயில் வந்துவிட்டது. வீட்டுக்கு விளையாட வந்த தோழி, சோபாவில் மடித்து வைத்திருந்த போர்வையைக் காட்டி, உங்கள் அப்பா இன்னுமா இங்கே தூங்குகிறார் என்று கேட்டாள்.

"சம்மர்ல கீழதான் ஜில்லுனு இருக்கும்" என்றேன் நான். அந்தக் காரணத்தை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.