வாளைமீனில் மூன்றாவது குத்து

பேய், முனி, கன்னிமார் என்று யாராவது ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிற ஆள் நான். பீளமேட்டில் ஒரு பஞ்சு மில்லில் பிட்டர் வேலை. எந்திரம் நின்றுபோனால் அதற்குக் காரணம் பெல்ட்டோ பேரிங்கோதானே தவிர ஆவி இல்லை என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதைப் படித்துவிட்டு, "ஓகோ, இவனும் அந்தக் கூட்டந்தானா" என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கக் கூடாது பாருங்கள்.

மில்லுக்கு மின்சாரம் வந்த புதிது. நல்ல கோடை. நாலு நாள் லீவு போட்டுவிட்டு, என் சம்சாரம் தெய்வானையின் ஊருக்குப் போயிருந்தோம். சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே பவானி ஆற்றங்கரை. மாமனார் வீட்டில் எனக்கு ராஜ மரியாதைதான். தெய்வானையின் அண்ணன் செங்கோடனிடம் மட்டும் அது செல்லாது. அவர் பரிசலில் போய் ஈட்டியால் மீன் குத்துவதில் கைதேர்ந்தவர். சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ளைக்கு மீனுல முள்ளெடுக்கத்தாங்க தெரியும். ஆத்துல எறக்குனா மீனு அவரப் பாத்து சிரிச்சுப்போட்டுப் போயிரும்."

"நாளைக்கு நானே குத்தறனுங்க மச்சான்," என்றேன். "முழு வாளை. தலையோட வாலோட உங்க தங்கச்சி கையில குடுக்கறேன். குடுக்காட்டி மீசைய எடுத்துக்கறேன்."

வாய் என்னுடையதுதான், ஆனால் என்னைக் கேட்டுக்கொண்டு அது பேசியதில்லை. அடுப்படியிலிருந்து தெய்வானை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? உங்கய்யன் கல்லாட்ட இருக்கறப்ப மீசைய எடுக்கறதாவது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் அப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் அப்பாவோ ஊரில் வெற்றிலை மென்றுகொண்டு ஜம்மென்று இருந்தார். மொட்டை முகத்தோடு நான் போய் நின்றால் மில்லில் துக்கம் கேட்க வருவார்கள். அப்பா செருப்பை எடுத்துக்கொண்டு வருவார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கலாம் என்றால் மச்சான் சிரித்த சிரிப்பு என்னை விடவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து ஆயத்தம். மில்லில் கழித்துப் போட்ட கம்பியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, இரண்டு பல் வைத்து அரத்தால் ராவி முன்னமே கூர் பண்ணிக் கொண்டுபோயிருந்தேன்; மச்சானின் கேலி போன தடவையே கேட்டதுதானே. அதை மூங்கில் கழியில் செருகிக் கட்டினேன். வெயிலில் மின்னினால் மீன் மிரளும் என்று விளக்கில் காட்டிக் கரியேற்றினேன். கழியின் பின்முனையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் சுரைக்குடுக்கை. ஈட்டியோடு மீன் ஓடினால் குடுக்கை மிதந்து இடத்தைக் காட்டும். பரிசலை வாசலில் கவிழ்த்து, அடித்தோல் முழுக்க ஒரு பொட்டு விடாமல் நானே தார் பூசினேன். பரிசல் என்பது மூங்கில் கூடைக்குத் தோல் போர்த்தியதுதானே, நின்றுகொண்டு குத்தினால் ஆளைக் கவிழ்த்துவிடும். மண்டியிட்டுத்தான் குத்த வேண்டும். அதற்கு நனைத்த சாக்கு ஒன்று. பழகுவதற்குப் பூசணிக்காயைக் குறி வைத்தேன். முதல் குத்தில் மாமியாரின் தவலை நசுங்கியது. பூசணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் உச்சிவேளைக்கு ஆற்றின் ஆழமான மடு ஒன்றுக்குப் போனோம். சூரியன் தலைக்கு நேரே நின்றால்தான் மடுவின் அடி மணல் வரைக்கும் தெரியும். அதே உச்சிவேளையில் அந்த மடுவுக்கு யாரும் போகமாட்டார்கள் என்று மச்சான் தயங்கினார். "மீசை போற பயமுங்களா, மச்சான்?" என்று நான் கேட்டேன். மீசை என்னுடையது என்பது கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்று ஆள் ஆழம். தண்ணீர் கண்ணாடி. அடியில் கூழாங்கல்லை எண்ணலாம். மச்சான் துடுப்பைப் போட்டுப் பரிசலை மெல்லச் சுற்றவிட்டார். சாக்கில் மண்டியிட்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, முழங்கால் மரத்துப்போனது. அப்போது வந்தது வாளை. என் கை நீளத்துக்கு மேலே இருக்கும். தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே குறி வைக்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தார். வைத்தேன். குத்தினேன். நம்புங்கள் நம்பாமல் போங்கள், விழுந்தது!

அது துள்ளவில்லை. குடுக்கைக்கும் வேலை இல்லை. கழியைத் தூக்கினேன், வாளை சும்மா வந்தது. முதுகில் என் ஈட்டிப் பல் குத்திய இரண்டு குத்து. பரிசலுக்குள் போட்டுப் புரட்டினால் அடிவயிற்றில் மூன்றாவதாக இன்னொரு குத்து. அகலமாக, தட்டையாக, என் இரண்டு விரல் நுழைகிற அளவு. கீழேயிருந்து மேலே போன குத்து. ரத்தம் அப்போதுதான் கசிந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தண்ணீரைப் பார்த்தோம். கூழாங்கல், மணல், எங்கள் பரிசலின் நிழல். வேறு ஒன்றும் இல்லை.

"மாப்ள," என்றார் மச்சான், குரல் இறங்கிப்போய். "ஒரு மீனுல ரெண்டு பேரு குத்து உழுந்தா பங்கு உண்டுங்க. மொதக் குத்துக்குத் தலப்பக்கம், அடுத்த குத்துக்கு வால்பக்கம். ஆத்து வழக்கம் அதுங்க."

"யாருக்குங்க பங்கு? ஆளு எங்கீங்க?"

"பேசாம வாலை வெட்டிப் போட்டுருங்க."

வாலை வெட்டினால் முழு வாளை போச்சு, மீசை போச்சு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "பங்கு வேணும்னா மேல வந்து கேக்கட்டும்! மீனைத் தூக்குனது நானு!"

பரிசல் நின்றது. பரிசலில் போனவர்களுக்குத் தெரியும், அது சும்மா விட்டாலே சுற்றும். இது சுற்றவில்லை. நீர் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் ஆணி அடித்தாற்போல் நிற்கிறோம். மச்சான் துடுப்பை வலித்தார், வலித்தார், தோள் நரம்பு புடைக்க வலித்தார். பாறையில் மாட்டியிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். பாறை எங்கே, மூன்று ஆள் ஆழம்! மச்சானின் உதடு வெளுத்திருந்தது. என் உதட்டை நான் பார்க்கவில்லை, நல்லவேளை.

அப்போதும் நான் விடவில்லை. "சரி, வால் தர்றேன். ஆனா மொதக் குத்து என்னுதுதான், தலை தரமாட்டேன்," என்று ஆளே இல்லாத ஆற்றிடம் வழக்குப் பேசினேன். பரிசலில் கிடந்த மச்சானின் அரிவாளால் வெட்டி வால்பக்கத்தைத் தண்ணீரில் விட்டேன். அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பாதி ஆழம் வரை போனது, அப்புறம் காணோம். மணலுக்குப் போய்ச் சேரவில்லை. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்டது.

கரை ஏறியதும் மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது. "முழு மீனுன்னு தானுங்களே சொன்னீங்க? நாவிதரு ஊட்டுக்கு ஆளனுப்பட்டுங்களா?"

"பாதி பங்குல போச்சுங்க. உங்க வழக்கந்தான?"

"மொதக் குத்து உங்குளுதுன்னு யாருங்க பாத்தா? அடிக்குத்து மொதல்ல உழுந்திருந்தா இந்தத் தலப்பக்கமே உங்குளுது இல்லியே."

"வாலை வாங்கிக்கிட்டுப் பேசாமப் போனாருல்ல, அவருதான் சாட்சி!"

ஆமாம் ஐயா, நான்தான் சொன்னேன். ஆவியே கிடையாது என்கிற கட்சிக்காரன் மீசைக்காக ஆவியைச் சாட்சிக்கு இழுத்தேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கம் நாலு நாளில் போய்விடும், மீசை முளைக்கிற வரைக்கும் அப்பா செருப்போடு காத்திருப்பாரே.

சாட்சி என்றதும் மச்சான் சிரித்துக்கொண்டே பரிசலைக் காயப்போடக் கவிழ்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

முந்தின நாள் நான் பூசிய தாரின் நடுவே ஒரு குத்து. இரண்டு விரல் அகலம். தட்டை. வெளியிலிருந்து உள்ளே போனது. என் முழங்கால் இருந்த இடத்துக்கு நேர் கீழே. தாரையும் தோலையும் கிழித்துக்கொண்டு வந்து, கடைசி மெல்லிய ஏட்டில் நின்றிருந்தது. நகத்தால் தொட்டால் பிய்ந்துவிடும் போல. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

"மீசை இருக்கட்டுங்க மாப்ள," என்றார் மச்சான்.

பரிசலை எரித்துவிடலாம் என்று அவர் சொன்னார். நான் விடவில்லை. ஒட்டுப் போட்டுத் தார் பூசி, அதே வாரம் அதே மடுவுக்கு, அதே உச்சிவேளையில் தனியாகப் போய் இரண்டு வாளை குத்தி வந்தேன். யாரும் பங்கு கேட்கவில்லை. இப்போதும் வருஷம் தவறாமல் போகிறேன். பயமா? எனக்கா?

ஒன்று மட்டும் இன்னும் கணக்குக்கு வரவில்லை. பெரிய வாளையின் வயிற்றில் அவ்வளவு ஆழம் இறங்கிய குத்து, ஒரு ஏடு தோலில் வந்து நிற்க வேண்டுமென்றால், குத்தியவரே அந்தக் கையை நிறுத்தியிருக்க வேண்டும். மேலே வந்து கேட்கட்டும் என்றுதானே சொன்னேன். வந்திருக்கிறார்.