பரமேஸ் அக்காவின் மூன்றாவது கதிரை

பேரப்பிள்ளைகள் இருவருக்கும் காலைச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது பரமேஸ் அக்காவின் புருசன் நடராசா அண்ணையின் தொலைபேசி அழைப்பு வந்தது. பால்டிக் கடற்கரையில், வீட்டுவண்டிகள் தரித்து நிற்கும் இடத்திலிருந்து பேசினார்.

"பிள்ளை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. நித்திரையிலேயே போட்டா. அம்புலன்ஸ்காரர் வந்து கொண்டுபோட்டினம். நான் வண்டிக்குள்ளை இருக்கிறன். எனக்கு ஓடத் தெரியாதெல்லோ."

அவருக்கு வண்டி ஓடத் தெரியாது என்பது பேர்லின் தமிழர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெண்சாதி ஓட்ட, புருசன் பக்கத்தில் தேநீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தவர்களும் நீங்கள்தான். இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி என்னையே கேட்கிறீர்கள். நல்லதாக எழுதுங்கோ, திருத்தித் தருகிறோம் என்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். மிச்சத்தை நானாகப் படித்தேன். ஒருவரும் திருத்த வேண்டாம்.

நானும் பரமேஸ் அக்காவும் பேர்லினில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஒன்றாக நின்றவர்கள். உல்லாசப் பயணிகள் படுத்த விரிப்புகள் நாள் முழுவதும் எங்கள் கைகளைத் தாண்டிப் போகும். ஓய்வுபெற்ற அன்று அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊரார் படுத்தெழும்பின விரிப்பெல்லாம் தோய்ச்சாச்சு. இனி என்ர விரிப்பிலை படுத்து நான் ஊர் பாக்கப்போறன்."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த மாதமே, கட்டிலும் அடுப்பும் உள்ளே இருக்கிற பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு பேர்லின் நொய்கெல்ன் பகுதிக் கோயில் வாசலில் வந்து நின்றார். ஐயருக்குக் குழப்பம். "அம்மா, இது வீடோ வாகனமோ? எந்தப் பூசையைச் செய்யிறது?"

"ரெண்டையும் செய்யுங்கோ ஐயா. தட்சணை மட்டும் ஒண்டுதான்."

சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தார்கள். உள்ளே பால் பொங்கினார்கள். வீதியில் போன ஜெர்மன்காரர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

மகள் சுபாவுக்கு மியூனிக்கில் பிள்ளை பிறந்தபோது இவர்கள் டென்மார்க் எல்லையில் நின்றார்கள். ஒரே ஓட்டமாக ஓடிப் போய் மகளின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்குக்கறி வைக்க வேண்டும். புகை பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்று சமையல் வண்டிக்குள் நடந்தது. பக்குவம் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். மல்லியை நன்றாக வறுங்கோ, மிளகைப் பிறகு போடுங்கோ என்று நான் இங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று சைரன் சத்தம் கேட்டது. அயலவர் யாரோ புகையைக் கண்டு தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அக்கா, என்ன சத்தம்?"

"உன்ர பக்குவத்துக்கு வந்திருக்கினம். பொறு, ஏணி வேற கொண்டு வந்திருக்கினம்!"

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினாராம்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து, பேரனின் முடியும் இறக்கிய பிறகு, அக்கா மறுபடி வண்டியைக் கிளப்பினார். அப்போது நீங்கள் பேசியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேரப்பிள்ளையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள் என்றீர்கள். நானும் சொன்னேன். ஆனால் முகத்துக்கு நேரே சொன்னேன். "அக்கா, மகள் வேலைக்குப் போகவேண்டாமோ? நீங்கள் பாக்காமல் ஆர் பாக்கிறது?"

"பெத்தவை பாப்பினம். நான் அம்மம்மா. வருவன், கொஞ்சுவன், போவன். அதுக்கு வேலை எண்டு பேர் வைக்காதை. வேலை செய்து முடிச்சிட்டன்." பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தார். "நீ இன்னும் முடிக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. என் மகன் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறான். இருட்டிய பிறகுதான் ஏற்றிப் போகிறான். ஒருநாளும் "அம்மா, களைப்போ?" என்று கேட்டதில்லை. ஆனாலும் என் பிள்ளைகளின் பிள்ளைகளை நான்தான் பார்ப்பேன். அது சரியென்று அன்றும் சொன்னேன். இன்றும் சொல்கிறேன். அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. போகிற இடமெல்லாம் வண்டிக்கு வெளியே இருப்பதற்கு மடக்குக் கதிரைகளை விரித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார். "மூண்டு கதிரை போட்டிருக்கிறன். உன்ரை சும்மா கிடக்கு. எப்ப வாறாய்?"

"எனக்கு ஏலாது அக்கா. பிள்ளையள் நிக்குதுகள்."

"ஓம் ஓம். பிள்ளையள் நிக்கட்டும். கதிரையும் நிக்கும்."

அவர் பேரனோடு குறைவாகத்தான் இருந்தார் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பிள்ளை தெருவில் எந்த வெள்ளை வண்டியைக் கண்டாலும் "அம்மம்மா!" என்று கத்துவான். என் பேரப்பிள்ளைகள் என்னை நாள் முழுவதும் பார்க்கிறார்கள். நான் வாசலுக்கு வந்தால் அவர்கள் தலை நிமிர்த்துவதில்லை.

செத்தவீட்டுக்கு முதல் நாள் சுபாவின் புருசன் போய் வண்டியை பேர்லினுக்கு ஓட்டி வந்தார். சுபாவும் அக்காவின் பேரனும் நானும் என் வீட்டு வாசலில் நின்றோம். வண்டி நின்றதும் பேரன் ஓடிப்போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. தகப்பன் இறங்கினார். பிள்ளை அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். சுபா அவனைத் தூக்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டாள்.

கடற்கரை கடற்கரையாக அலைந்துதான் உயிர் போனது என்று செத்தவீட்டன்று மண்டபத்தில் யாரோ சொன்னீர்கள். வீட்டிலேயே இருந்து செத்தவர்கள் எத்தனை பேரின் செத்தவீட்டுக்கு நாம் போய் வந்திருக்கிறோம்?

வண்டியை ஒதுக்கும்போது பின்பக்கத்தில் மூன்று மடக்குக் கதிரைகள் இருந்தன. இரண்டின் துணி வெயிலில் வெளிறிப்போயிருந்தது. மூன்றாவதில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருந்தது. நடராசா அண்ணை அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது உம்மடை, பிள்ளை. வேற ஒருத்தரையும் இருக்க விடேல்லை அவ."

இப்போது அது என் பால்கனியில் இருக்கிறது. உறையைக் கழற்றிவிட்டேன். மத்தியானத்தில் பிள்ளைகள் வந்து ஏறப் பார்க்கிறார்கள். அதில் இடமில்லை, அது அப்பம்மாவின் கதிரை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே இருக்கிறேன். உள்ளே அழுகிறார்கள். கொஞ்ச நேரம் அழட்டும்.