எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

கேரள எல்லையில், எருத்தேன்பதியில் விவசாயம் செய்கிறோம். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய என் கணவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் போனோம். கிளினிக்கில் தந்த படிவம் முழுக்க மலையாளம். பேசுவேன், படிக்கத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்களோ என்று, அடையாளம் தெரிந்த ‘இல்லை’ கட்டத்திலேயே எல்லாக் கேள்விக்கும் டிக் போட்டேன்.

இரண்டே வாரத்தில் விடாத குளிர்காய்ச்சல், மூச்சுத்திணறல். கோவை டாக்டர் கேட்டார்: “வாயில இருந்த கிருமி ரத்தத்துல கலந்து, தட்டணுக்களோட ஒட்டி வால்வுல படிஞ்சிருச்சுங்க. பல் டாக்டர்கிட்ட வால்வு வெச்சதைச் சொல்லலீங்களா? சொல்லியிருந்தா, பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடியே கிருமிக்கு மருந்து கொடுத்திருப்பாங்களே.”

ஆறு வாரம் ஊசி மருந்து ஏறியது. பிழைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் படிவத்தை வாங்கியதுமே சொல்லிவிடுகிறேன்: “எனக்கு மலையாளம் படிக்க வராதுங்க. நீங்களே படிச்சுக் கேளுங்க.”

இதுவரை ஒருவர்கூடச் சிரித்ததில்லை.