கேக்குறம்மா

அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு 'கேக்குறம்மா' என்று பெயர்; வாசிப்பதைக் கேட்டுச் சொல்வதுதான் அங்கே அவள் வேலை. தொழில் என்னவோ தையல்தான். வீட்டின் முன்னறையே கடை. வெட்டுவது கணவர், தைப்பது அவள். இருபத்தாறு வருஷமாகக் கத்தரிக்கோல் சத்தமும் மிஷின் சத்தமும்தான் அந்த வீட்டில் பேசிக்கொண்டன. அவர் வாயில் அவளுக்கென்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. துணி விலை பற்றிப் பேசினாலும் சரி, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினாலும் சரி, "உனக்கென்ன தெரியும்?" அவ்வளவுதான்.

அந்த 'ஒன்றும் தெரியாத' தகுதிக்காகவே ஒரு இடத்தில் அவளைத் தேடி வந்தார்கள்.

ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், திருமறையாம் குர்ஆனை அரபியிலிருந்து நம் மொழிக்குக் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. தலைமை, மார்க்கக் கல்வி படித்த பெரிய ஹஜ்ரத். அவருக்கு ஒரு கொள்கை. மொழிபெயர்ப்பு சரியா என்று ஓதிப் படித்தவர்கள் சொல்லக்கூடாது. மூலம் மனப்பாடமானவர்கள் பாதி வசனத்தைக் கேட்டதும் மீதியை மனசிலேயே நிரப்பிக்கொள்வார்கள். வசனத்தில் ஓட்டை இருந்தால் அவர்களுக்குத் தெரியாது. அரபி எழுத்துக்கூட்டி ஓதத் தெரிந்து, பொருள் தெரியாத ஓர் ஆள் வேண்டும். டைப்பிஸ்ட் மொழிபெயர்ப்பை வாசிப்பார். அந்த ஆள் கேட்டு, புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஹஜ்ரத் அரபி மூலத்தில் விரலை வைத்துக்கொண்டு, அந்த ஆள் சொல்வதை மட்டும் சரிபார்ப்பார். சரியென்றால் பென்சிலில் ஒரு டிக்.

வாரம் மூன்று நாள் மதியத் தொழுகை முடிந்ததும் மிஷினை மூடிவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவிய ஒளு கலையாமல் அவள் மாடியேறுவாள். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் ஆடும். டைப்பிஸ்ட் வாசித்து முடித்ததும் ஹஜ்ரத் கேட்பார்: "உங்களுக்கு என்னம்மா புரிஞ்சுது?"

முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டதும், டைப்பிஸ்டைக் கேட்கிறாரோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. பெற்றவர்கள் கேட்டதில்லை, கட்டியவர் கேட்டதில்லை. அந்த ஆடும் நாற்காலியை யாராவது பறித்துவிடுவார்களோ என்று அன்றைக்கே பயம் வந்தது.

இரண்டாம் வருஷத்தில் ஒருநாள், கஷ்டத்தோடு கூடவே இலேசும் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லும் இடம் வந்தது. அடுத்தடுத்து இரண்டு தடவை அதையே சொல்கிற இடம்.

"ஒரு தடவை சொன்னா, நம்ம மனசு ஆறட்டும்னு சொன்னதா இருக்கலாம் ஹஜ்ரத். ரெண்டாவது தடவையும் சொல்றப்போதான் நம்பிக்கை வருது."

ஹஜ்ரத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுதுப்பா இதை" என்று டைப்பிஸ்டிடம் சொன்னார். அவள் சொன்னது குறிப்பு நோட்டில் ஏறியது. அன்று அவள் படியிறங்கியது கால் தரையில் பாவாமல்தான். அதிலிருந்து அந்த இரண்டு வரியும் அவளோடு ஒட்டிக்கொண்டன. ஊசி விரலில் ஏறினால் சொல்வாள். மகள் போனை எடுக்காவிட்டால் சொல்வாள். கணவர் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னால், மனசுக்குள் இரண்டு தடவையும் சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்வாள்.

எட்டாம் வருஷம் வேலை முடிந்து, அச்சுக்குப் போகும் கடைசிப் படியை ஒருமுறை வாசித்தார்கள். டைப்பிஸ்ட் வாசித்தார், அவள் சொன்னாள், ஹஜ்ரத் டிக் போட்டார். எல்லோருக்கும் கை குலுக்கல், பிஸ்கட், டீ.

புத்தகம் வந்த நான்காம் நாள் டைப்பிஸ்ட் முகம் வெளுத்துப்போய் அவள் கடை வாசலில் நின்றார். "உங்களை ஹஜ்ரத் வரச் சொன்னார்."

மேஜைமேல் புத்தகம் திறந்திருந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இரண்டாவது வரி இல்லை. ஒரேபோல இரண்டு வரி வரவும், டைப்பிஸ்டின் கண் ஒன்றைத் தாண்டிவிட்டது. அச்சடித்தது இரண்டாயிரம் பிரதி.

"நான் வாசிச்சது ஒரு தடவைதான்" என்றார் டைப்பிஸ்ட், தரையைப் பார்த்தபடி.

ஹஜ்ரத் குறிப்பு நோட்டைப் புரட்டிக் காட்டினார். கடைசிப் படியிலும் அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவள் சொன்னதை நம்பி அவர் டிக் போட்டிருந்தார்.

"நீங்க கேட்டதைச் சொல்லலையேம்மா. தெரிஞ்சதைச் சொல்லிட்டீங்க." அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வரியை விழுங்கியவர் வேலையில் இருந்தார். வரியை நெஞ்சில் வைத்திருந்தவள் குற்றவாளியாக நின்றாள். இதை என்ன நியாயம் என்பது? ஆனால் ஹஜ்ரத் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை.

விட்டுப்போன வரியைச் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்தார்கள். ஒன்பது நாள், காலையிலிருந்து மாலைவரை, அவளும் டைப்பிஸ்டும் உட்கார்ந்து இரண்டாயிரம் பிரதியிலும் ஒட்டினார்கள். விரலில் பசை காய்ந்து தோல் உரிந்தது. கோணலாக ஒட்டிய துண்டைக்கூடக் குப்பையில் போட முடியாது. வசனமாயிற்றே, தனியே ஒரு பையில் சேர்த்துப் புதைக்கக் கொடுத்தார்கள்.

கடைசிப் பிரதியை அடுக்கியதும் ஹஜ்ரத் வந்து நின்றார். "ரெண்டாம் பதிப்புக்கு மறுபடியும் முதல்லேருந்து பார்க்கணும். புது ஆள் வேணும்மா. ஒண்ணுமே தெரியாத ஆளா ஒருத்தரை நீங்களே சொல்லுங்க."

"நான் இனிமே வாசிக்கிறதை மட்டும் கவனமா..."

"உங்களால முடியாதும்மா. என்னாலயும்தான் முடியாது."

அவள் பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கணவரைச் சொன்னாள். அரபி ஓதத் தெரியும், ஆனால் வாழ்நாளில் ஒரு பக்கம் மொழிபெயர்ப்பு படிக்காத மனுஷன். இதைவிடப் பொருத்தம் யார்? அவள் மனசில் ஒரு ஆசையும் இருந்தது, மறைப்பானேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் அவருக்கும் பேச வரும். வீட்டில் இரண்டு பேரும் எதையாவது பேசிக்கொள்ளலாம்.

அவர் முனகிக்கொண்டேதான் போனார். அவள் மிஷினை விட்டு எழாமல், தைத்ததையே பிரித்துத் தைத்துக்கொண்டு காத்திருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தில் இதுவரை அவள் பார்க்காத ஒரு களை இருந்தது. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, இன்னைக்கு என்ன வாசிச்சாங்க? உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

அவர் டீயை ஊதினார். யோசிப்பதுபோல ஜன்னலைப் பார்த்தார்.

"உனக்குச் சொல்றதுக்கு என்ன இருக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமாமே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஹஜ்ரத் சொன்னதை அப்படியே சொன்னார். டம்ளரை வைத்துவிட்டு வெட்டுமேஜைக்குப் போய்விட்டார்.

அவள் மிஷினுக்குத் திரும்பி மிதியில் காலை வைத்தாள். வழக்கம்போல மனசுக்குள் அந்த வரியைச் சொன்னாள். ஒரு தடவை வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.